விடுதித் தட்டில் மிஞ்சும் சோறு

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையூர் ஒன்றில் இருக்கும் பெண்கள் கல்லூரியில் ஊட்டச்சத்தியல் கற்பிக்கிறேன்; விடுதியின் துணைக் காப்பாளர் பொறுப்பும் சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ஆசிரியைக்கு மாணவியின் விடைத்தாள் தெரியும், காப்பாளருக்கு அவளுடைய சாப்பாட்டுத் தட்டு தெரியும். இரண்டையும் ஒரே ஆள் பார்க்க நேரும்போது சில விஷயங்கள் உறுத்தத் தொடங்குகின்றன. இரும்புச்சத்துக் குறைபாட்டைப் பற்றிய நெடுவினாவுக்குப் பிழையில்லாமல் விடை எழுதிய பெண், அன்றிரவே சாப்பாட்டுக் கூடத்துக்கு வராமல் அறையில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். எனவே, இளம் பெண்கள் உடல் இளைக்கப் பட்டினி கிடப்பதை அறியாமை என்று முடிவுகட்டி, ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்திச் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் செய்கிறார்கள் என்றால் அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்களை நாம் காதுகொடுத்துக் கேட்பதில்லை.

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து மீனவ வீட்டுப் பெண்கள், கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பெண்கள், முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்து வேளாண் குடும்பத்துப் பெண்கள் என்று எல்லோரும் எங்கள் விடுதியில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ரமலான் நோன்பு, தவக்காலம், கந்த சஷ்டி என்று எல்லாச் சமயத்தாருக்கும் உண்ணாதிருத்தல் பழகிய ஒன்று. "ஏன் சாப்பிட வரவில்லை?" என்று கேட்கும்போது "விரதம் மேடம்" என்றோ "விட்டுப்போன நோன்பைப் பிடிக்கிறேன் மேடம்" என்றோ பதில் வந்தால், அதற்கு மேல் கேட்கும் உரிமை எந்தக் காப்பாளருக்கும் இல்லை. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் சமய விரதத்துக்கு முடிவு நாள் உண்டு. மாலையில் நோன்புக் கஞ்சியும் உண்டு. முடிவு நாள் இல்லாமல் நீளும் விரதத்தை, கொஞ்ச நாள் கவனித்தால் தனியே பிரித்து அறிந்துவிடலாம்.

காரணம் என்னவென்று கேட்டால் முதலில் வருவது "ஹெல்த்துக்காக மேடம்" என்பதுதான். அந்தச் சொல்லை நான் உடனே ஏற்பதுமில்லை, தள்ளுவதுமில்லை. எனக்கென்று ஓர் உரைகல் வைத்திருக்கிறேன். உண்மையிலேயே உடல்நலத்துக்காக வருகிறவள் "எதைச் சாப்பிடணும்?" என்று கேட்பாள். வேறு காரணத்தை உள்ளே வைத்துக்கொண்டு வருகிறவள் "எதையெல்லாம் நிறுத்தணும், எத்தனை நாளில் குறையும்?" என்று கேட்பாள். கனடாவில் பெண்களிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வு இதே வேறுபாட்டை முறையாக ஆராய்ந்தது. தோற்றத்துக்காக உணவைக் குறைக்கிறவர்கள், நலத்துக்காகக் குறைக்கிறவர்களைவிடக் கடுமையான வழிகளை நாடுவதையும், அந்தக் கட்டுப்பாடு அடிக்கடி உடைந்துபோவதையும், தம் உடலின் மீது அவர்களுக்கு அதிருப்தி கூடுதலாக இருப்பதையும் அது கண்டது. செய்வது உணவைக் குறைக்கும் ஒரே செயல்தான். ஆனால் எதற்காகத் தொடங்குகிறாள் என்பதைப் பொறுத்து அது போகும் பாதை மாறிவிடுகிறது.

எங்கள் பகுதியில் அந்த "வேறு காரணம்" பெரும்பாலும் திருமணம். இதில் ஊருக்கே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. இந்தக் கடற்கரையின் ஆண்களில் கணிசமானவர்கள் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கிறார்கள். முன்பெல்லாம் தர்கா கந்தூரியிலோ, கோயில் கொடையிலோ, உறவுக்காரர் வீட்டு விசேஷத்திலோ பெண்ணை நேரில் பார்த்த பெரியவர்கள் சொல்லும் சொல்தான் மாப்பிள்ளைக்குப் போய்ச் சேரும். அந்தச் சொல்லில் நடை, பேச்சு, குணம், குடும்பம் எல்லாம் கலந்திருக்கும். இப்போது முதலில் போவது வாட்ஸ்அப்பில் ஒரு முழு உருவப் படம். படத்தில் நடையும் பேச்சும் தெரியாது; கன்னமும் இடுப்பும் தெரியும். "போட்டோவில் முகம் ஊதின மாதிரி இருக்குன்னு லாத்தா சொல்றாங்க மேடம்" என்று ஒரு மாணவி தன் அக்காவைப் பற்றிச் சொன்னபோது, அந்தப் படத்தை எடுத்ததே அந்த லாத்தாதான் என்பது தெரிந்து சிரித்துவிட்டோம். ஆனால் அவள் அதன் பிறகு இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டாள்.

படம் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வருவது விடுமுறைக் கணக்கு. மாப்பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு மாதமோ ஒன்றரை மாதமோதான். அதற்குள் பெண் பார்ப்பது, பேசி முடிப்பது, திருமணம், விருந்து எல்லாம் நடந்தாக வேண்டும். ஆகவே பெண்ணின் உடலுக்கும் ஒரு தேதி குறிக்கப்பட்டுவிடுகிறது. மெதுவாக, மாதத்துக்கு இரண்டு கிலோ குறைத்தால் போதும் என்று நான் சொல்லும் அறிவுரைக்கு அந்தத் தேதியின் முன்னால் எந்த மதிப்பும் இல்லை. வேகமாக இளைத்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும்; மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும்; பித்தப்பைக் கல்லும் வரலாம். முடி கொட்டும் நேரம் பல சமயம் திருமணத்தை ஒட்டி வந்து சேர்வதுதான் வேடிக்கை. அப்போது எண்ணெய்க் கடையைத் தேடிப் போகிறார்கள்.

அலைபேசியில் வரும் பொடிகள், "ஷேக்" பானங்கள், ஏழு நாள் பட்டியல்கள், நாளுக்கு நூறு பாதாம் என்ற கணக்குகள் ஆகியவற்றைப் பற்றித் தனியே எழுத எனக்கு ஆர்வமில்லை. தேவை இருக்கும் இடத்தில் கடை முளைக்கும்.

நான் அதிகம் யோசித்தது வேறொரு பெண்ணைப் பற்றி. பாம்பன் தீவைச் சேர்ந்தவள். தாய் கடலில் பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தீவுகளின் ஓரத்துப் பாறைகளில் மூழ்கி மூழ்கிப் பாசியைப் பிய்த்துக்கொண்டு வரும் பெண்களை மன்னார் வளைகுடாப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாம் இனிப்புக்குக் காய்ச்சுகிற அகர், அவர்கள் பிய்த்த பாசியிலிருந்து வருவதுதான். அந்தத் தாய் மகளைப் பார்க்க விடுதிக்கு வந்திருந்தபோது, மகள் ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறாள் என்று தோழிகள் சொல்லிவிட்டார்கள். தாய் என்னிடம் வந்து, "நாங்க கஞ்சி இல்லாமக் கெடந்தோம் டீச்சர். இவ இருக்கிற சோத்த வேணாங்குறா" என்றார். அதில் கோபத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது. தான் முக்குளித்துச் சம்பாதித்த சோற்றை மகள் ஒதுக்குவதாக அவர் எடுத்துக்கொண்டார்.

மகள் சொன்னது வேறு. பல நாள் கழித்து, கேட்காமலே சொன்னாள். "எனக்கும் அம்மா மாதிரியே தோள் அகலம் மேடம். சுடிதார் போட்டாலும் பாசிக்காரி மகள்னு தோளே சொல்லிடும்." அவள் குண்டான பெண் அல்ல, எடை அட்டவணைப்படி அவளுக்கு ஒரு கிலோகூடக் குறைக்கத் தேவையில்லை. அவளுக்கு மதுரையிலோ சென்னையிலோ ஒரு பெரிய மருத்துவமனையின் வரவேற்பறையில் வேலைக்குச் சேர வேண்டும். அந்த இடங்களில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அவள் பார்த்து வைத்திருக்கிறாள். ஒல்லியாக, வெயில் படாமல், உழைத்த அடையாளம் இல்லாமல் இருக்கும் ஓர் உடல் அவளுக்கு அழகு சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. அது கடற்கரையை விட்டு வெளியேறுவதற்கான சான்றிதழ். பட்டப் படிப்புக்குச் சான்றிதழ் நாங்கள் கொடுப்போம். இதை அவளேதான் தயாரித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறாள்.

இதைக் கேட்ட பிறகுதான் வகுப்பில் பல முறை சொல்லியிருந்த பிஜித் தீவு ஆய்வை நான் வேறு விதமாகப் படித்தேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பெக்கர், பிஜியின் நாட்ரோகா பகுதியில் தொலைக்காட்சி வந்து சில வாரங்களே ஆகியிருந்த 1995ஆம் ஆண்டிலும், மூன்று ஆண்டுகள் கழித்து 1998இலும் பள்ளி மாணவிகளிடம் ஒரே வினாப்பட்டியலைக் கொடுத்துக் கேட்டார். அந்தத் தீவுகளில் நன்கு சதைப்பிடிப்பான உடலே பாராட்டப்பட்டது. ஒருவர் மெலிந்தால் சுற்றத்தார் கவலைப்படுவார்கள். நம் அப்பத்தாக்கள் "உடம்பு தேறிடுச்சு" என்று மகிழ்ந்ததைப் போலத்தான். உண்ணும் முறையில் கோளாறு இருக்கக்கூடும் என்று காட்டும் மதிப்பெண் பெற்ற மாணவிகள் முதலில் 12.7 சதவீதமாக இருந்தார்கள்; மூன்று ஆண்டில் 29.2 சதவீதம் ஆனார்கள். எடை குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுத்தவர்கள் 1995இல் ஒருவரும் இல்லை; 1998இல் 11.3 சதவீதம். இரண்டு முறையும் கேட்கப்பட்டவர்கள் வேறு வேறு மாணவிகள், எண்ணிக்கையும் முறைக்கு அறுபத்துச் சொச்சம்தான் என்பதால், எல்லாம் தொலைக்காட்சியால்தான் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்லக் கூடாது.

ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது சதவீதம் அல்ல, அந்த மாணவிகள் பேட்டிகளில் சொன்ன காரணம். திரையில் பார்த்த ஒல்லியான பெண்களை அவர்கள் அழகிகளாக மட்டும் பார்க்கவில்லை. வேலை கிடைத்தவர்களாக, முன்னேறியவர்களாகப் பார்த்தார்கள். ஊரின் பொருளாதாரம் மாறிக்கொண்டிருந்தபோது, புதிய உலகத்தில் இடம் பிடிக்க என்ன உடல் வேண்டும் என்பதற்கு அவர்களுக்குக் கிடைத்த ஒரே வழிகாட்டி அந்தத் திரை. எங்கள் கடற்கரையில் தொலைக்காட்சி எப்போதோ வந்துவிட்டது; அந்த வேலையை இன்று அலைபேசி செய்கிறது. பாம்பன் பெண்ணும் பிஜிப் பெண்ணும் கேட்பது ஒன்றைத்தான். "நீ இருக்கிறபடியே அழகாகத்தான் இருக்கிறாய்" என்ற ஆறுதல் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. வரவேற்பறை வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் தோற்றத்தைப் பார்க்கிறார்கள் என்பது அவளுடைய கற்பனை அல்லவே.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. எந்தப் பாடம் படிப்பது என்று அப்பா முடிவு செய்திருப்பார், எப்போது திருமணம் என்று மாமாக்கள் முடிவு செய்வார்கள், அலைபேசி எத்தனை மணிவரை என்று அண்ணன் முடிவு செய்வான். தட்டில் என்ன விழுகிறது என்பதை மட்டும் அவள் முடிவு செய்யலாம். எடை இயந்திரத்தில் எண் இறங்கும்போது, தன் கையால் நடந்த ஒன்றைப் பார்க்கிற நிறைவு அவளுக்குக் கிடைக்கிறது. தம்மைத் தாமே பட்டினி போட்டுக்கொள்ளும் இளம் பெண்களுக்குப் பல்லாண்டுகள் மருத்துவம் பார்த்த ஹில்டே புரூக் என்ற மனநல மருத்துவர், அந்த நோயின் உள்ளே இருப்பது தன் வாழ்க்கை தன் வசத்தில் இருக்க வேண்டும் என்ற போராட்டம்தான் என்று 1970களிலேயே எழுதினார். அவர் பார்த்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்க நாட்டு வசதியான வீட்டுப் பெண்கள். ஆனாலும் எங்கள் விடுதிக்கு அந்த வாக்கியம் பொருந்திப்போகிறது.

இங்கே ஒரு சிறிய விஷயத்தையும் சொல்ல வேண்டும். எடை குறைக்க நடக்கலாமே என்று எல்லோரும் எளிதாகச் சொல்கிறோம். எங்கே நடப்பது? எங்கள் ஊர்களில் ஒரு கல்லூரிப் பெண் மாலையில் கடற்கரைச் சாலையில் வேகமாக நடந்து போனால் நாலு பேர் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள். கல்லூரி மைதானத்தின் கதவு இருட்டுவதற்கு முன் பூட்டப்படும். மிஞ்சுவது மொட்டை மாடி. அதுவும் பக்கத்து வீட்டு மாடியில் ஆள் இல்லாதபோது. உடலை அசைக்க இடம் கொடுக்காமல் உடல் மட்டும் மெலிய வேண்டும் என்றால், அவளுக்கு எட்டும் வழி சாப்பாடு ஒன்றுதான்.

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதற்கு நான் வகுப்பில் சொல்வது ஆண்களிடம் நடந்த ஒரு சோதனையை. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், போரில் சேர மறுத்த 36 இளைஞர்களை அவர்களின் சம்மதத்தோடு 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்களுக்குத் தங்கள் தோற்றத்தைப் பற்றிக் கவலை ஏதும் இல்லை. மனநலமும் நன்றாக இருந்தது. எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தபோது அவர்கள் எரிந்து விழுந்தார்கள், குளிரில் நடுங்கினார்கள், எதிலும் மனம் ஊன்றவில்லை. சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள்; சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். இரவு உணவை விட்ட பெண்கள் பதினொரு மணிக்குப் போர்வைக்குள் பிரியாணி செய்முறைக் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது ஏன் என்று எனக்கு அதிலிருந்துதான் விளங்கியது. அந்த "அரைப்பட்டினி" நாளுக்குச் சுமார் 1570 கலோரி. நம் பெண்களின் அலைபேசியில் உலவும் பட்டியல்களில் 1200 என்றிருக்கும். 800 என்று இருப்பதையும் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து படிக்கிற, 55 கிலோ எடையுள்ள இந்தியப் பெண்ணுக்கு நாளுக்கு ஏறத்தாழ 1660 கலோரி வேண்டும் என்பது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு.

அடக்கிய பசி ஞாயிற்றுக்கிழமை உடையும். மதியம் ஒரு புரோட்டாவைத் தின்றுவிட்ட பெண், "இன்னைக்குத்தான் கெட்டுப்போச்சே" என்று மாலையில் தோழிகளின் பொட்டலங்களையும் காலிசெய்துவிட்டு, திங்கட்கிழமை முழுப் பட்டினி கிடப்பாள். அவளைச் சபலக்காரி என்று தோழிகள் கிண்டல் செய்வார்கள். அது குணக்கேடு அல்ல. கட்டுப்பாட்டின் இயல்பே அது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மாணவிகளைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியான ஆய்வில், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு உண்ணுதல் கோளாறு வரும் வாய்ப்பு, கட்டுப்பாடே இல்லாதவர்களைவிட 18 மடங்காக இருந்தது.

எடையே பொருட்டல்ல என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடை கொண்டவர்கள், 12.6 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள், 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மூன்றும் எங்கள் விடுதியின் ஒரே தளத்தில் இருக்கின்றன. மேலை நாட்டவரைவிடக் குறைந்த எடையிலேயே நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவதால்தான், உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிடும் உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 25ஐத் தாண்டினால் கூடுதல் எடை என்ற உலக அளவை இந்திய மருத்துவர்கள் 23க்கு இறக்கிவைத்தார்கள். நீர்க்கட்டித் தொல்லைக்காக மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்ன ஒரு மாணவி, மாலை சமோசாவை விட்டாள். சோற்றைக் குறைத்து மீனையும் கீரையையும் கூட்டினாள். இரவு எட்டு மணிக்கு மேல் விடுதியின் நடைபாதையில் தோழிகளை இழுத்துக்கொண்டு நடந்தாள். அவசரமில்லாமல் குறைத்தாள். அவளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நன்றாகப் போகிற விஷயத்தில் கதை குறைவு.

மற்றவர்கள் விட்டுவிடுவது என்ன என்று பார்த்தால்தான் வயிறு எரியும். கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, நெத்திலிக் குழம்பையும் சாளையையும் சோற்றோடு சேர்த்துத் தள்ளிவிட்டு, பால் சேர்க்காத காப்பியைக் குடிக்கிறார்கள். இரத்தசோகை உள்ள உடலுக்கு வரவேண்டிய கொஞ்ச இரும்பையும் சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கும் காப்பியும் தேநீரும் தடுத்துவிடும்.

விடுதியில் என்னால் முடிந்தவை சிறியவை. நடைபாதையில் எல்லோரும் பார்க்க வைத்திருந்த எடை இயந்திரத்தை எடுத்து நோயாளி அறைக்குள் வைத்தோம். மைதானத்தின் கதவைக் கூடுதலாக ஒரு மணி நேரம் திறந்துவைக்கக் கேட்டு வாங்கினோம். உணவுப் பட்டியல் கேட்டு வருகிறவளிடம், இரத்தப் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் நான் பேசுவதில்லை. சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாள், மாதவிடாய் நின்றுவிட்டது என்ற நிலை தெரிந்தால், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போகிறோம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணையும் கொடுக்கிறோம். பாம்பன் பெண்ணோடு நேர்முகத் தேர்வுக்கு எப்படிப் பேசுவது, என்ன படிப்பது என்று உட்கார்ந்து தயாரித்தோம். வரவேற்பறையைவிடச் சம்பளம் கூடுதலான மருத்துவ ஆவணப் பிரிவு என்று ஒன்று இருப்பதை அவள் அறிந்ததும் அப்போதுதான். இரவுச் சாப்பாட்டுக்கு வருகிறாள், எல்லா நாளும் அல்ல.

சென்ற பருவத்தில் ஒரு மாணவியின் தாய் தொலைபேசியில் அழைத்து, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அடுத்த மாசம் வர்றாங்க மேடம், பிள்ளைய ராத்திரிச் சோறு மட்டும் நிப்பாட்டச் சொல்லுங்க" என்றார். பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் 8.9தான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் பதறிவிட்டார். என்ன கொடுக்கலாம் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார்: முருங்கைக் கீரை, ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்), நெத்திலி, நெல்லிக்காய். வெள்ளிக்கிழமையே ஆளிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். வைப்பதற்கு முன், "இதெல்லாம் சாப்பிட்டா உடம்பு ஏறிடாதுல்ல மேடம்?" என்றார். சாப்பாட்டால் மட்டும் இந்த அளவு சரியாகாது, மாத்திரையும் வேண்டும் என்று சொல்லி, திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருப்பதையும் சொன்னேன். தாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.